மாவுக்கட்டுக்கு வெளியே ஐந்து விரல்

குழந்தைகளுக்கான எலும்பு வார்டில் முப்பத்திரண்டு வருடம் உதவியாளராக வேலை பார்த்துவிட்டுப் போன மாதம் வெளியே வந்தேன். இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. குழந்தைகளைக் கட்டிலுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் மாற்றி மாற்றித் தூக்கியதில் இடுப்பு போய்விட்டது. நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடைசி வாரத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். மைக் வைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். நான் துணி அறைக்குள் போய்ப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்ததும் அதையே உதறி மறுபடி மடித்தேன். இப்போது வார்டுக்குப் பொறுப்பாக இருக்கும் கவிதா சிஸ்டர் தேடிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, பேச வேணாம். எழுதியாவது குடுங்க. செண்பகா விஷயத்த விடாம எழுதுங்க. என் பேரையும் போடுங்க."

"நான் அஞ்சாவதுதான் சிஸ்டர்."

"அஞ்சாவது வரைக்கும் படிச்ச எழுத்துலயே எழுதுங்க."

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மந்தைவெளியில்தான் எங்கள் வீடு. பதின்மூன்று வயதிலிருந்து மயிலாப்பூரில் கொலு பொம்மை செய்யும் இடத்தில் வேலை. மாவைக் கரைத்து அச்சில் ஊற்றுவது, இறுகியதும் பிரித்து எடுப்பது. ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டவரிடம், வேறு எதுவும் வாயில் வராமல், "பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தெரியும்" என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னைக் கட்டுப் போடும் அறைக்கு அனுப்பினார். பொம்மைக்கு ஊற்றும் மாவும் எலும்பு முறிந்த காலுக்குப் போடும் மாவும் ஒன்றுதான். ஆனால் பொம்மைக்கு வலிக்காது.

முதல் ஒரு வருடம் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாவு தடவிய துணிச்சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைக்க வேண்டும். குமிழி வருவது நின்ற பிறகு எடுக்க வேண்டும். துணி பிழிவதுபோல் முறுக்கக் கூடாது. இரண்டு முனையையும் பிடித்து நடுப்பக்கமாக மெதுவாக அழுத்தினால் போதும். டாக்டர் சுற்றும்போது காலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். பொம்மையை விரல் நுனியால் எடுத்துப் பழகியவன், ஈரக் கட்டையும் அப்படியே பிடித்தேன்.

"கைய எடு" என்றார் அப்போது வார்டுக்குப் பொறுப்பாக இருந்த ரெஜினா சிஸ்டர்.

எடுத்தேன். வெள்ளைக் கட்டில் நான்கு குழி.

"வெளியில பாத்தா குழி. உள்ள அது மேடு. அந்த மேட்டு மேல இந்தப் பையன் ஆறு வாரம் படுக்கணும். புண்ணாகும். உள்ளங்கையில தாங்கு."

அந்தக் கட்டை அங்கேயே பிரித்துவிட்டு வேறு போட்டார்கள். சின்ன டாக்டர் முணுமுணுத்தார். எனக்கு முகம் எரிந்தது.

ரெஜினா சிஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குட்டையான ஆள். குரல் ஒருநாளும் உயராது. குழந்தையின் கட்டைத் தொடுவதற்கு முன் அதன்மேல் விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டுவார், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. குழந்தை "யாரு" என்று கேட்கும்வரை நிற்பார். "ரெஜினா. வரலாமா?" என்பார். வரக் கூடாது என்று சொல்லும் குழந்தையும் உண்டு. சரி என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டு ஐந்து நிமிடம் கழித்து வந்து மறுபடி தட்டுவார். அப்போது கதவு திறந்துவிடும்.

எங்களிடம் மட்டும் வேறு மாதிரி. "நல்லா இருக்கு சிஸ்டர்" என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பிடிக்காது.

"நல்லா இருக்குன்னா என்னா? விரல் விரலா சொல்லு."

விரல் விரலாகச் சொல்ல வேண்டும். நகத்தை அழுத்தினால் வெளுக்கிறதா, விட்டதும் இரத்தம் ஓடி வந்து சிவக்கிறதா, ஆட்டச் சொன்னால் ஆட்டுகிறதா, தொட்டால் தெரிகிறதா, மற்ற காலைப் போல வெதுவெதுப்பாக இருக்கிறதா. கட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து விரல்தான் உள்ளே இருக்கும் காலுக்காகப் பேசும் என்பார். பார்த்து எழுதுவது நர்ஸ் வேலைதான். முப்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் இருந்த வார்டு அது. எனக்கும் பழக்கிவிட்டார்.

டிராக்ஷன் போட்ட குழந்தைகளிடம் வேறு வகைக் கவனம் வேண்டும். தொடை எலும்பு முறிந்தால் சதை இழுத்து எலும்பை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடும். அதற்கு எதிராகக் காலில் பட்டை சுற்றி, கயிறு கட்டி, கட்டில் கால்மாட்டில் உள்ள உருளை வழியாக எடையைத் தொங்கவிடுவார்கள். எடை தரையில் படக் கூடாது, கட்டிலில் உரசக் கூடாது. படுக்கை விரிப்பு மாற்றும்போதுகூடக் கயிற்றைத் தளர்த்தக் கூடாது. கே.கே. நகரிலிருந்து வந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு வாரமாகியும் எக்ஸ்ரேயில் எலும்பு நேராக வரவில்லை. எடையைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தார்கள். அப்போதும் வரவில்லை. டாக்டர்களுக்குப் புரியவில்லை.

ஒருநாள் நான் மாலை நாலரை மணிக்கு வார்டைப் பெருக்கும்போது குனிந்து பார்த்தேன். எடைக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கூடை. எடை அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா விசிறிக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரம் முடியும் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கூடையை எடுத்துவிடுவாராம்.

"புள்ள நாள் பூரா தொங்கிக்கினு கீறான் அண்ணே. நான் இருக்கிற ஒரு ரெண்டு மணி நேரமாவது நிம்மதியா தூங்கட்டுமேன்னு" என்றார்.

எனக்குத் திட்ட மனம் வரவில்லை. சிஸ்டரிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சிஸ்டர் வந்தார். கூடையை ஒரு கையால் மெதுவாக விலக்கிக்கொண்டே இன்னொரு கையால் எடையைத் தாங்கி, ஆட்டம் இல்லாமல் தொங்கவிட்டார். பிறகு அதே அளவு வேறு எடை ஒன்றை எடுத்து வந்து அந்த அம்மாவிடம், "உங்க கையில இத தாங்கிப் பாருங்க. கனமா?" என்றார். அவ்வளவு கனம் இல்லை என்று அந்த அம்மா ஒப்புக்கொண்டார். "இது வலிக்காது. எடுத்து எடுத்து விடறதுதான் வலிக்கும். தினம் நீங்க போன பிறகு ஒரு மணி நேரம் அழறான். ஏன்னு எங்களுக்குத் தெரியல. இப்ப தெரிஞ்சுது."

அந்த அம்மா வாயில் புடவையை வைத்துக்கொண்டார். சிஸ்டர் அவரை வார்டை விட்டு அனுப்பவில்லை. மறுநாளிலிருந்து அந்த வரிசையில் ஐந்து கட்டிலின் எடையும் தொங்குகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பாகிவிட்டது. என்னையே ஒருநாள் அதட்டினார். "யோவ் அண்ணே, தொடப்பத்த பாத்து போடு. வெயிட்ல இடிக்கிற." பையன் கால் நேராகிப் போனான்.

பிறவியில் கால் உள்பக்கம் திரும்பிய குழந்தைகள் வாரம் ஒரு கட்டு மாற்ற வருவார்கள். கால் நேரானதும் நடுவில் கம்பி வைத்த பூட்ஸ் போட வேண்டும். முதலில் நாள் முழுவதும், பிறகு தூங்கும்போது மட்டும், நாலு வயது வரை. பெற்றோர்கள் இதில்தான் கைவிடுவார்கள். தேனாம்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் ஒருவர், "இன்னா அண்ணே, கால்தான் நேராயிட்சே. இத்த ஏன் இன்னும் மாட்டிக்கினு?" என்று பூட்ஸைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுக்க வந்தார். நான் பேசத் தெரியாமல் அவர் பெண்ணை மடியில் வைத்து மறுபடி மாட்டிவிட்டேன். குதிகால் கீழே பதியவில்லை. மேலே தூக்கிக்கொண்டு நின்றது. காலுறை வேறு மடிந்திருந்தது. அதுதான் உறுத்தி அழுதிருக்கிறாள். பட்டையை முதலில் கணுக்காலில் இறுக்கி, பின்பக்கத் துளை வழியாகக் குதிகால் தெரிகிறதா என்று பார்த்து, பிறகு கயிறு கட்ட வேண்டும் என்று காட்டினேன். குழந்தை அழவில்லை. ஆட்டோக்காரர் பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நைனா" என்றார்.

இனிச் செண்பகா.

பத்து வருடம் இருக்கும். அவள் அப்பாவுக்குத் தி. நகரில் பாத்திரக் கடை, மேல்மாடியில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். செண்பகாவுக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை அவள் தாய்மாமனுக்குக் கல்யாணம். திங்கட்கிழமை இரவு அவள் சித்தி அரைத்த மருதாணியை இரண்டு காலிலும் வைத்துவிட்டிருக்கிறார். ஒவ்வொரு விரலுக்கும் தொப்பி மாட்டியதுபோல், நகம், நுனி, அடிப்பக்கம் எல்லாம் மூடி. காலையில் கழுவிப் பார்த்தால் அடர்சிவப்பு. கடைக்குப் போய் அப்பாவிடம் காலைக் காட்ட வேண்டும் என்று அவசரம். கடையின் உள்மாடிப்படியில் ஈரக்காலோடு இறங்கி, அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளோடு விழுந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன.

பத்து மணிக்குத் தொடைவரை கட்டுப் போட்டார்கள். காலைப் பிடித்தது நான்தான். "யாரும்மா வச்சது, இவ்ளோ செவந்திருக்கு?" என்று கேட்டேன். அழுகைக்கு நடுவில் "சித்தி" என்றாள். கொண்டுபோய் மூன்றாம் நம்பர் கட்டிலில் படுக்கவைத்து, வீக்கம் ஏறாமல் இருக்கக் காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்தேன்.

அன்று ஆஸ்பத்திரியைப் பார்வையிட வெளியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ரெஜினா சிஸ்டர் பத்தரை மணியிலிருந்து கீழ்மாடி ஹாலில். பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில். வார்டில் கவிதா சிஸ்டர். அப்போது அவர் சேர்ந்து நாலு மாதம். இன்னொரு நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு மணிக்கும் செண்பகாவின் விரலை அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சொன்னேன், "அஞ்சு விரலும் நல்லா செவப்பா இருக்கு சிஸ்டர்." கவிதா சிஸ்டர் எழுதிக்கொண்டார். விரல் விரலாகச் சொல் என்று கேட்க ஆள் இல்லை. நானும் சொல்லவில்லை.

நாலு மணிக்குப் பார்வையாளர் மணி அடித்தது. கல்யாண வீடு அப்படியே வந்து இறங்கியது. செண்பகா அழுதுகொண்டே இருந்தாள். வலிக்கு மருந்து கொடுத்தும் அழுதாள். ஒருவருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

"கல்யாணத்துக்கு வர முடியலன்னுதான் இந்த அழுக" என்றார் அவள் அம்மா. "ஏட்டி, மாமா ஒனக்குத் தனியா பந்தி போடுவான். அழாதட்டி."

"மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, இவளுக்கு வெள்ளப் பட்டுல காலு" என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள்.

நாலேகாலுக்கு அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். சமாதானமாகிவிட்டாள் என்று அம்மாவுக்கு நிம்மதி. மாம்பழ ஜூஸ் கொடுத்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழும் குழந்தை எனக்குப் பழக்கம். இந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

தலையணையைச் சரிசெய்வதுபோல் பக்கத்தில் போனேன். பெருவிரல் நகத்தை அழுத்தினேன். சிவப்பு. விட்டேன். சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு. எதற்கு என்று யோசிக்காமல் கட்டுப் போடாத இடது காலின் பெருவிரலையும் அழுத்தினேன். அதுவும் அதே சிவப்பு. அழுத்தும்போதும் சிவப்பு, விட்டபோதும் சிவப்பு.

நல்ல காலில் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை.

காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது இரத்தத்தை இல்லை. மருதாணியை.

புறங்கையை வைத்துப் பார்த்தேன். இடது விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. வலது விரல்கள் குளிர்ந்து, ஊதி, தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்திருந்தது. "விரல ஆட்டு கண்ணு" என்றேன். ஆட்டவில்லை. பெருவிரலை நானே கொஞ்சம், ஒரு நெல்லளவுதான், மேலே தூக்கினேன். அவள் போட்ட சத்தத்தில் ஜூஸ் கொட்டியது.

"தொடாதீங்க அங்கிள். உள்ள வெடிக்குற மாதிரி இருக்கு. அப்புறம் மரத்துப் போச்சு."

கட்டுக்குள் வீக்கம் ஏறி, இடம் இல்லாமல், சதைக்கு இரத்தம் போகவில்லை என்று அர்த்தம். சில மணி நேரம்தான் கணக்கு. அதற்குமேல் போனால் அந்தக் காலின் சதை செத்துவிடும். எலும்பு கூடினாலும் கால் உதவாது. அதில் எத்தனை மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான்.

கவிதா சிஸ்டரிடம் ஓடினேன். அவர் வந்து பார்த்தார். முகம் மாறியது.

"நீங்கதானே அண்ணா மூணு மணிக்குக்கூட செவப்பா இருக்குன்னீங்க?"

"அது மருதாணி சிஸ்டர்."

"என்னது?" என்று செண்பகாவின் அப்பா எழுந்தார். "காலைலேந்து ஒழுங்கா பாக்கலியா? என்ன சொல்லுதீங்க நீங்க?"

கவிதா சிஸ்டர் தியேட்டருக்குப் போன் செய்தார். டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், அரை மணி நேரத்தில் சொல்கிறோம் என்றார்கள். நாலு மாத நர்ஸ் அதற்குமேல் என்ன கேட்பார். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் படிக்கட்டுக்குப் போனேன்.

கீழ்மாடி ஹாலுக்குள் என்னைப்போன்றவர்கள் நாற்காலி போடப் போவோம், டீ கொடுக்கப் போவோம். பேசப் போனதில்லை. உள்ளே கோட் போட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கதவருகில் நின்றேன். யாரும் திரும்பவில்லை. அங்கிருந்து திரும்பி ஓடிவிடலாம்போல இருந்தது. மேலே அந்தப் பெண்ணின் விரல் என் கையில் குளிர்ந்து இருந்ததை நினைத்தேன்.

"சிஸ்டர்" என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "மூணாம் நம்பர் பெட். வெரல் சில்லுனு கீது. தூக்கனா கத்துது. நான் காலைலேந்து தப்பா சொல்லிட்டேன் சிஸ்டர்."

ரெஜினா சிஸ்டர் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டார். படிக்கட்டில் ஏறும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நல்ல காலையும் தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் சிஸ்டர். அதுவும் வெளுக்கல. ஆனா சூடா இருந்துச்சு."

"போய் கட்டு வெட்டுற மெஷின், ஸ்ப்ரெடர், கத்திரி எடுத்துட்டு வா. ஓடாத, விழுந்துடுவ. வேகமா நட."

நான் வருவதற்குள் அவர் விரல்களைப் பார்த்து முடித்து, முதல் வேலையாக இரண்டு தலையணையையும் உருவிவிட்டிருந்தார். இந்த நிலையில் காலை உயரத்தில் வைத்தால் போகிற கொஞ்சம் இரத்தமும் போகாது. போனில் அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "டாக்டர் கை க்ளவுஸ்ல இருந்தா ரிசீவர அவர் காதுல பிடிங்க. நான் காத்திருக்கேன்." பிறகு நான்கே வாக்கியம் சொன்னார். பிறகு கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டு என்னிடம், "முழுக்கப் பிரிக்கச் சொல்லிட்டார். காலைப் பிடி" என்றார்.

மெஷின் சத்தம் கேட்டதும் செண்பகா துடித்தாள். சிஸ்டர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் உள்ளங்கையை நீட்டினேன். ஓடும் பல்லை அதன்மேல் வைத்துக் காட்டினார். அது சுழலாது, அதிரும். தோலை வெட்டாது. "பாத்தியா, அங்கிள் கை இருக்கு" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தொடையிலிருந்து விரல்வரை ஒரு கோடு, மறுபக்கம் ஒரு கோடு. ஸ்ப்ரெடரை வைத்து விரித்தார். கட்டு வாய் பிளந்தது. அதோடு விட்டுவிடக் கூடாது. உள்ளே சுற்றிய பஞ்சு இருக்கிறது. இரத்தம் பட்டு இறுகிய பஞ்சு ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தாலும் அதுவே கயிறாக நெரிக்கும். கத்திரியால் தோல் தெரியும்வரை மேலிருந்து கீழ்வரை வெட்டினார். காலின் தோலில் பஞ்சின் வரிவரியான தடம் பதிந்திருந்தது.

பெரிய டாக்டர் தியேட்டர் தொப்பியோடு வந்தார். பாதத்தின் மேல் விரலை வைத்துக் குனிந்து நின்றார். "துடிப்பு இருக்கு. லேசா. அரை மணி பாக்கறேன். இறங்கலன்னா தியேட்டர். சதைய மூடியிருக்கிற உறைய கீறி விடணும்" என்று அப்பாவிடம் சொன்னார். கவிதா சிஸ்டர் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். அப்பா பேனாவைப் பிடித்தபடி கையெழுத்துப் போடும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போட்டார். அதன்பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கோபம் நியாயமானது.

மூலையில் சித்தி அழ ஆரம்பித்தார். "நான் வச்ச மருதாணியாலயா சிஸ்டர்?"

"மருதாணி ஒண்ணும் பண்ணல. பாத்தது நாங்க" என்றார் ரெஜினா சிஸ்டர். 'அவன்' என்று சொல்லவில்லை.

நிறத்தை வைத்து எதுவும் தெரியாது. அதனால் சிஸ்டர் செண்பகாவிடம் கேட்டார். "கண்ண மூடிக்கோ. நான் எந்த விரல தொடறேன்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, சும்மா சொல்லக் கூடாது."

பெருவிரலைத் தொட்டார்.

"தெரியல."

இரண்டாவது.

"தெரியல."

ஐந்தும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி. தெரியவில்லை. ஆனால் "வெடிக்குதா?" என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்து, "கொறஞ்சிருக்கு" என்றாள். டாக்டர் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் காலைத் தாங்கிய உள்ளங்கைகளை எடுக்கவில்லை. தோள் வலித்தது.

மறுபடி. சிஸ்டர் ஒரு விரலைத் தொட்டார். செண்பகா நெற்றியைச் சுருக்கினாள்.

"சுண்டு வெரல்."

சுண்டு விரல்தான்.

அடுத்த தடவை நாலாவதும் தெரிந்தது. பிறகு பெருவிரல். கடைசியாகப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருக்கும் இடம். டாக்டர் அதற்காகத்தான் காத்திருந்தார்போல. தொட்டதும் அவள், "ரெண்டுக்கும் நடுவுல தொடறீங்க. அது வெரல் இல்ல" என்றாள். டாக்டர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"பெருவிரல மேல தூக்கு" என்றார்.

தூக்கினாள். ஒரு நெல்லளவு. சத்தம் போடவில்லை.

தியேட்டர் வேண்டாம் என்றார். கால் மணிக்கு ஒரு தரம் பார்க்கச் சொன்னார். என் வேலை நேரம் முடிந்தும் ஒன்பது தரம் நான் பார்த்தேன். விரல் விரலாகச் சொன்னேன். கவிதா சிஸ்டர் விரல் விரலாக எழுதினார்.

மறுநாள் காலை எனக்கு மெமோ வரும் என்று சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு போனேன். ரெஜினா சிஸ்டர் ரவுண்டில் டாக்டர்கள், நர்ஸ்கள் எல்லாரையும் மூன்றாம் நம்பர் கட்டிலுக்கு அழைத்து, செண்பகாவின் இடது காலை, நல்ல காலை, ஒவ்வொருவரையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். "இரத்தம் ஓடுதா சொல்லுங்க" என்றார். பெரிய டாக்டர் உள்பட யாராலும் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து சேர்க்கைச் சீட்டில் ஒரு வரி கூடியது: மருதாணி உண்டா. உண்டு என்றால் நிறம் என்ற கட்டத்தில் எழுதக் கூடாது. குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லி, அது சொன்ன பதிலை எழுத வேண்டும். கூடவே பெருவிரலைத் தூக்கிப் பார்த்து அதையும் எழுத வேண்டும். எனக்கு மெமோவும் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம் முடிந்து பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு வார்டுக்கு வந்தார்கள். வார்டில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். செண்பகா மாமனைக் கட்டிலில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லி, காலை நீட்டச் சொன்னாள். நாலாவது விரலைத் தொட்டாள்.

"மூணாவது" என்றார் மாப்பிள்ளை.

"தப்பு. சிஸ்டர், மாமாவுக்குத் தெரியல. அட்மிட் பண்ணிருங்க."

"இன்னிக்கா?" என்றார் மாப்பிள்ளை. பொண்ணு மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தது.

பத்து வாரம் கழித்துக் கடைசிக் கட்டைப் பிரிக்க வந்தார்கள். கால் மெலிந்து, தோல் செதில் செதிலாக இருந்தது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தேன். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். விரல்களைத் துடைக்கும்போது பார்த்தேன். நகங்களில் மருதாணி மேலே ஏறிப்போயிருந்தது. அடியில், பிறை மாதிரி, புது நகம் வளர்ந்திருந்தது. அந்த இடத்தில் அழுத்தினேன். வெளுத்தது. விட்டேன். இரத்தம் வந்தது.

ஐந்து விரலிலும் பார்த்தேன்.

"என்ன அங்கிள், இன்னும் பாத்துக்கிட்டே இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. எறங்கு."

இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பா முன்னால் இரண்டு கையையும் நீட்டியபடி பின்பக்கமாக நடந்தார். பாதி தூரத்தில் திரும்பி என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க அந்தப் பக்கம் வாங்க" என்றார். நான் போய் வலது காலின் பக்கமாக நடந்தேன். பிடிக்க வேண்டியிருக்கவில்லை.